இல்லை என்று சொல்ல ஓர் அண்ணன்

அரிசிபாளையம், சேலம்
24-4-2025

1. இக்கடிதத்தை எழுதுபவன்: சேலம் நகரில் வழக்கறிஞராகவும் நோட்டரியாகவும் தொழில் செய்துவரும் ஆண்ட்ரூஸ், வயது ஐம்பத்தேழு.

2. பெறுபவர்: மேற்படியானின் உடன்பிறந்த ஒரே தங்கை அக்சிலியா, மேச்சேரியில் தையல் கடை நடத்துபவர்.

3. ஈஸ்டர் அன்று மாலை இவ்விருவருக்கும் தொலைபேசியில் நடந்த பேச்சின் முடிவில், "இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க" என்று பெறுபவர் சொன்னார். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

அன்புள்ள அக்சிலியாவுக்கு,

உன் குற்றச்சாட்டை நான் புரிந்துகொண்டவாறு முதலில் பதிவு செய்கிறேன். பிழை இருந்தால் திருத்து.

சேலம் புத்தகத் திருவிழாவில் பணத்தைக் கையாள்வது குறித்த வழிகாட்டி நூல்கள் நான்கு வாங்கினேன். முப்பது ஆண்டுகள் பிறர் சொத்துக்குப் பத்திரம் எழுதியவன், தன் வருமானம் எங்கே போகிறது என்று அறியாதிருப்பது முறையல்ல என்று தோன்றியதால் வாங்கினேன். நான்கையும் பென்சிலும் கையுமாகப் படித்தேன். அவற்றுள் மெல்லியதைக் கடந்த கிறிஸ்துமஸுக்கு உனக்கு அனுப்பினேன். குடும்பத்தின் ஆறு மாதச் செலவை, நினைத்தவுடன் எடுக்கக்கூடிய இடத்தில் பணமாக வைத்திருக்க வேண்டும் என்பது அதன் மூன்றாம் அத்தியாயம். "உயிருள்ளதைச் சேமிப்பு என்று எண்ணாதே, அது தின்னும், நோயுறும், சாகும்" என்ற வரியின் அடியில் கோடிட்டவன் நானே.

அப்போது உன் வீட்டுப் பின்புறம் பதினொரு மேச்சேரி ஆடுகள் இருந்தன. என் ஆலோசனையின் பேரில் ஜனவரியில் ஒன்பதை விற்று, எண்பத்தோராயிரம் ரூபாயை உன் பெயரில் வங்கியில் போட்டாய். அதிலிருந்துதான் உன் மகள் மோனிஷாவின் நர்சிங் கல்லூரிக் கட்டணம் கட்டுவதாக இருந்தது. தவக்காலத்தில் உன் கணவரின் அண்ணன் ஞானதாஸ், லாரிக்குத் தவணை கட்ட வேண்டும் என்று அறுபதாயிரம் கேட்டார். கொடுத்தாய். சீட்டு எதுவும் எழுதப்படவில்லை. இன்றுவரை திரும்பி வரவில்லை. ஜூன் மாதக் கடைசிக்குள் கல்லூரிக்கு ஐம்பத்தையாயிரம் கட்டாவிட்டால் இடம் போய்விடும்.

"ஆட்டை விக்கச் சொன்னது நீங்கதான்" என்றாய். அது உண்மை. ஆனால் விற்ற பணத்தை எடுத்துக் கொடுக்கச் சொன்னது யார்? உறவினர் கடன் கேட்டால் மறுக்க வேண்டும் என்று அதே நூலின் ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. அதை நீ படித்தாயா, இல்லையா? குற்றம் சாட்டுவதற்காக அல்ல, விவரம் அறியவே கேட்கிறேன்.

அண்ணன்,
ஆண்ட்ரூஸ்


சேசு மரி சூசை துணை

மேச்சேரி
2-5-2025

அண்ணனுக்கு அக்சிலியா எழுதிக்கொள்வது.

லெட்டர் வந்துச்சுங்க. ரிஜிஸ்டர் தபால்னு போஸ்ட்மேன் கையெழுத்துக் கேட்டதும் மிஷினை நிறுத்திப்போட்டு ஓடியாந்தேன், எவனோ கேஸ் போட்டுட்டானாட்டம் இருக்குதுன்னு. பக்கத்துக் கடை வசந்தாமணி இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கா, என்ன கேசுன்னு. இனிமே சாதாத் தபால்ல போடுங்க.

ஏழாம் அத்தியாயம் படிச்சேனுங்க. "நேரடியாக, அன்பாக, உறுதியாக மறுத்துவிடுங்கள்." அதுக்கு மேல ஒரு வரி இல்ல. எந்த ஊட்டுல ஒக்காந்து எழுதுனாங்களோ தெரியல. எங்க மச்சாண்டார் ஞானதாஸ் வாசல்ல செருப்பைக் கழட்டி உட்டுப்போட்டு உள்ள வந்தாரு. "சாமி, ஒரு சொம்பு தண்ணி குடு"ன்னாரு. குடிச்சாரு. "பேங்குல சும்மாதான கெடக்குது, ரண்டு மாசத்துல தந்துபோடறேன்"னாரு. தம்பிக்கு, அதான் உங்க மாப்பிள்ளைக்கு, குடல்வால் ஆபரேஷன் பண்ணுனப்ப லாரியை நிறுத்திப்போட்டு ஆஸ்பத்திரியிலயே கெடந்த மனுசன். அவரு கண்ணைப் பாத்து நேரடியாவும் அன்பாவும் உறுதியாவும் ஒண்ணா எப்பிடிங்க சொல்றது? அன்பாச் சொன்னா உறுதி போயிருது. உறுதியாச் சொன்னா அன்பு போயிருது.

பேங்குல இருக்கறது அவருக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பீங்க. உங்க மாப்பிள்ளைதான் பெருமையாச் சொல்லிப்போட்டாரு, எங்க மச்சான் சொல்லி நாங்க இப்ப பணமா வெச்சிருக்கறோம்னு.

ஆடு இருந்த வரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லைங்கண்ணா. ஆட்டைக் கடனாக் கேக்கறவன் ஊருல இல்ல. வித்துக் குடுன்னு கேட்டா, அது சினையா இருக்குதுங்கலாம், இது குட்டிக்குப் பால் குடுக்குதுங்கலாம். ஒண்ணும் இல்லாட்டி, அந்தோணியாருக்கு நேந்து உட்டதுங்கன்னு சொல்லிப்போடுவேன். அதுக்கப்பறம் ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க. பதினொன்னையும் நேந்துதான் வெச்சிருந்தேன், கேக்க வந்தவங்ககிட்ட ஆளுக்கொரு ஆட்டைக் காட்டி. ஃபாதர் கணக்கெடுத்தாருன்னா கோயில் காம்பவுண்டு பத்தாது.

உங்க புத்தகம் சொல்லுது, நெனச்சா ஒடனே எடுக்கற மாதிரி வெச்சுக்கன்னு. அப்பிடித்தான் வெச்சேன். ஒடனே எடுத்துக்கிட்டாங்க.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்க.

அக்சிலியா


சேலம்
9-5-2025

அன்புள்ள அக்சிலியாவுக்கு,

இதைச் சாதாரணத் தபாலில் அனுப்புகிறேன். வந்து சேர்ந்ததற்கு என்னிடம் ஆதாரம் இருக்காது என்பதைக் குறித்துக்கொள்.

ஏழாம் அத்தியாயத்தை மறுபடி படித்தேன். மறுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. மறுக்கும் முறை கூறப்படவில்லை. மற்ற மூன்று நூல்களிலும் இதே குறை உள்ளது. விதி பிழையன்று, நடைமுறை விடுபட்டிருக்கிறது. எனவே நானே ஒரு மாதிரி வாசகம் தயாரித்திருக்கிறேன்:

"தங்கள் தேவையின் அவசரத்தை நான் முழுமையாக உணர்கிறேன். எனினும் மேற்படி தொகை ஒரு குறிப்பிட்ட நோக்கத்திற்கென ஒதுக்கப்பட்டுவிட்டமையால், அதனை வேறு எவ்வகையிலும் பயன்படுத்த இயலாத நிலையில் இருக்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

இதைச் சொன்னபின் பேசாமல் இருக்க வேண்டும். காரணம் கூறத் தொடங்கினால் எதிர்த் தரப்பு அந்தக் காரணத்தைத் தாக்கும். மௌனத்தைத் தாக்க முடியாது.

நீ கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. கேட்காததற்கு விடை சொல்வது என் தொழிலில் தவறு, ஆயினும் சொல்கிறேன். என்னிடம் ஆறு மாதச் செலவுக்கான பணம் இருக்கிறது. அதை நான் உனக்குக் கடனாகத் தர முன்வரவில்லை. உடன்பிறந்தோருக்குள் கடன் கூடாது என்பதில் நான்கு நூல்களும் ஒருமித்திருக்கின்றன. உன் அண்ணி செல்வமேரி இதை ஏற்கவில்லை. உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டிய நாள் முதல், சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள்.

ஆண்ட்ரூஸ்


சேசு மரி சூசை துணை

மேச்சேரி
20-5-2025

அண்ணனுக்கு,

மோனிஷா பிளஸ் டூவுல நல்ல மார்க்குங்க. காலேஜுல இருந்து இடம் இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க. இனிப் பணம் ஒண்ணுதான்.

மச்சாண்டார் போன வாரம் மறுக்காவும் வந்தாரு. லாரிக்கு டயர் போயிருச்சாம். நீங்க எழுதுனதை அளவு குறிக்கற சீட்டுல பாத்து எழுதி மிஷினுக்கு அடியில வெச்சிருந்தேன். எடுத்து ஒரு எழுத்து உடாமப் படிச்சேனுங்க. அவரு முழுசாக் கேட்டாரு. கேட்டுப்போட்டு, "ஏஞ்சாமி, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"ன்னாரு. அப்பறம் அவருக்கே புரிஞ்சு போச்சு. "இது வக்கீலய்யா பேச்சில்ல?"ன்னு ஒரே சிரிப்பு.

நீங்க சொன்ன மாதிரியே அதுக்கப்பறம் நான் பேசல. அவரும் பேசல. பெரியவரு ஒருத்தரு ஊட்டுக்குள்ள பேசாம ஒக்காந்திருக்கறாரு, எத்தன நேரம் பாத்துக்கிட்டிருக்கறது? மாவு இருந்துச்சு. தோசை ஊத்துனேன். ரண்டு தோசை திங்கற வரைக்கும் உறுதியாத்தான் இருந்தேன். மூணாவது தோசையில அஞ்சாயிரம் குடுத்துப்போட்டேன். மௌனத்தைத் தாக்க முடியாதுன்னீங்க. அவரு தாக்கவேயில்லைங்க, சும்மா ஒக்காந்திருந்தாரு.

இப்பக் கணக்குல பதினாறாயிரம் இருக்குது. மோனிஷாவுக்கும் தெரிஞ்சு போச்சு. ஹாஸ்டலுக்குன்னு வாங்குன பெட்டியத் தூக்கிப் பரண் மேல வெச்சுட்டா.

உங்ககிட்டக் கடன் நான் கேக்கல, கேக்கவும் மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்ககிட்ட சொந்தத்துல ஆராச்சும் எப்பவாச்சும் காசு கேட்டிருக்காங்களா? கேக்க மாட்டாங்க. "அவருகிட்டயா, வாயத் தொறந்தா ஸ்டாம்ப் பேப்பர எடுத்துப்போடுவாரு"ன்னு சிரிப்பாங்க. நம்ம பெரியம்மா ஊட்டுல இருந்து இங்க மச்சாண்டார் ஊடு வரைக்கும் உங்களுக்கு அந்தப் பேருதான். அந்தப் பேரு எனக்கு இருந்திருந்தா மோனிஷா பெட்டி கீழயே இருந்திருக்கும்.

அக்சிலியா


சேலம்
27-5-2025

அன்புள்ள அக்சிலியாவுக்கு,

உன் கடைசிப் பத்தியைப் பலமுறை படித்தேன். கோபத்தில் எழுதியது என்றே கொள்கிறேன். ஆயினும் அதில் ஓர் உண்மை இருக்கிறது. இந்த வயதுவரை என்னிடம் உறவினர் எவரும் ஒரு ரூபாய் கேட்டதில்லை. என் கண்டிப்பான நிதி ஒழுக்கம் அதற்குக் காரணம் என்று எண்ணியிருந்தேன். காரணம் என் பெயர்தான் என்று நீ எழுதிய பிறகே தெரிகிறது. நான்கு நூல்களின் சொத்துப் பட்டியலிலும் இப்படி ஓர் இனம் இல்லை. ஆனால் எனக்கு இருக்கும் சொத்தை உடன்பிறந்தவள் பயன்படுத்திக்கொள்வதற்குச் சட்டத்தில் தடையில்லை.

ஆகவே கீழ்க்கண்டவாறு செய்வோம்.

இத்துடன் முப்பத்தொன்பதாயிரம் ரூபாய்க்கு வங்கி வரைவோலை வைத்திருக்கிறேன். இது கடன் அல்ல. மறுக்கத் தெரியாதவரை, எவரும் கேட்கக்கூடிய பணத்தைக் கையில் வைத்திருக்கச் சொன்ன ஆலோசனைக்கு நான் செலுத்தும் நஷ்டஈடு. கட்சிக்காரர் ஒருவருக்கு இப்படி ஆலோசனை சொல்லியிருந்தால் அவர் என்மீது வழக்குத் தொடுத்திருப்பார். திருப்பித் தந்தால் வாங்க மாட்டேன்.

திங்கட்கிழமை மேச்சேரிக்கு வருகிறேன். உன் வங்கியில் நம் இருவர் பெயரிலும் ஒரு கணக்குத் தொடங்குவோம். இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் அதிலிருந்து பணம் எடுக்க முடியும். இந்தத் தொகையையும் உன்னிடம் உள்ள பதினாறாயிரத்தையும் அதில் போடு. இனி யார் கேட்டாலும், எத்தனை தோசை தின்றாலும், நீ சொல்ல வேண்டியது: "எங்க அண்ணன் கையெழுத்து வேணும். அவர் போட மாட்டார்." இரண்டு வாக்கியங்களும் உண்மை. அன்புக்கு நீ, உறுதிக்கு நான் என்று வேலையைப் பிரித்துக்கொள்வோம்.

இதுவரை இந்தப் பொறுப்பைச் சுமந்தவர் அந்தோணியார். அவரிடம் உனக்குள்ள ஒன்பது ஆட்டுப் பாக்கியை நீயே பேசித் தீர்த்துக்கொள். அதில் நான் தலையிட மாட்டேன்.

செல்வமேரி இன்று என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அண்ணன்,
ஆண்ட்ரூஸ்


சேசு மரி சூசை துணை

மேச்சேரி
16-6-2025

அண்ணனுக்கு,

அந்தோணியார் திருவிழா நல்லபடியா முடிஞ்சுதுங்க. எல்லா வருசமும் வர்றவரு, இந்த வருசம் கோர்ட்டுல வேலைன்னு சொல்லிப்போட்டீங்க. அன்னிக்குச் சேலத்துல கோர்ட்டுல அப்பிடி என்ன வேலைன்னு அண்ணிகிட்டக் கேட்டேன். அண்ணி பேச்சை மாத்திப்போட்டாங்க.

மச்சாண்டார் தேருக்குப் பின்னால நடந்து வரும்போதே கேட்டுப்போட்டாரு. காலேஜுக்குக் கட்டத்தான் இன்னும் ரண்டு வாரம் இருக்குதே, அது வரைக்கும் குடு, அதுக்குள்ள தந்துபோடறேன்னு. நான் நீங்க சொன்ன ரண்டு வாக்கியத்தையும் சொன்னேன். வாய் ஒலறல. எனக்கே ஆச்சரியமாப் போச்சு. அவருக்கு என்மேல ஒரு துளி கோவம் இல்லைங்க. "நீ என்ன சாமி பண்ணுவ, உங்கண்ணன் அப்பிடி"ன்னு எனக்கே ஆறுதல் சொன்னாரு.

அப்பறம் பந்தியில ஒக்காந்து எல்லாரும் கேக்கற மாதிரி சொல்றாரு: "அந்த மனுசன் செத்தாக்கூட ரண்டு சாட்சி கையெழுத்துப் போடாமப் பெட்டிய மூட உடமாட்டான்." அத்தன பேரும் சிரிச்சாங்க. கறி வாளியக் கையில வெச்சுக்கிட்டு நானும் சிரிச்சேன்.

அப்பறம் எனக்குச் சோறு எறங்கல. சொந்தம் அத்தனைக்கும் முன்னால உங்களக் கெட்டவராக்கிப்போட்டு நான் நல்லவளாட்டம் பரிமாறிக்கிட்டு நின்னேன். நீங்க எதுக்கு வரலைன்னு அப்பத்தான் புரிஞ்சுது. நீங்க பந்தியில இருந்திருந்தா என்னால அதச் சொல்லியிருக்க முடியாது.

ஃபீசு கட்டற வரைக்கும் இப்பிடியே இருக்கட்டுங்க. கட்டுனதும் கணக்குல இருந்து உங்க பேர எடுத்துப்போடலாம். தையல்ல மிச்சம் ஆகறதுக்கு ரண்டு ஆடு வாங்கிக்கறேன். விக்காம வெச்ச ரண்டுல ஒண்ணு குட்டி போட்டிருக்குது. எனக்கு அந்தோணியாரே போதும். அவர ஆரும் திட்ட மாட்டாங்க.

அக்சிலியா


சேலம்
4-7-2025

அன்புள்ள அக்சிலியாவுக்கு,

கல்லூரிக் கட்டணத்தின் ரசீதை மோனிஷா எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள். பெட்டி பரணிலிருந்து இறங்கிவிட்டது என்றும் எழுதியிருந்தாள்.

நேற்று ஞானதாஸ் என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏனுங் வக்கீலய்யா, நானென்ன களவாணியா?"

இல்லை என்றேன்.

"அப்பறம் என்னத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேனுட்டீங்க?"

"அக்சிலியாவிடம் கேட்டால் அவளால் மறுக்க முடியாது. என்னால் முடியும். அதற்காகத்தான் என் பெயர் அந்தக் கணக்கில் இருக்கிறது. உங்களுக்கு எதிராக அல்ல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு உட்கார்ந்தார். தவக்காலத்தில் அவர் லாரித் தவணைக்கு எடுத்து வைத்திருந்த பணத்தை அவருடைய மருமகன் செல்போன் கடை வைக்கக் கேட்டிருக்கிறார். கொடுத்துவிட்டார். தவணை நாள் வந்தது. அதனால் உன்னிடம் வந்தார்.

"மாப்பிள்ளை வந்து வாசல்ல நின்னா மாமனாரு என்னங்க சொல்றது? உங்க புத்தகத்துல அதுக்கு எதாச்சும் போட்டிருக்குதுங்களா?"

"இல்லை."

"அப்ப எனக்கும் ஒரு கணக்குல கையெழுத்துப் போடுங்க."

"எதற்கு?"

"போடாம இருக்கறதுக்குத்தான்."

உன்னிடம் வாங்கியதை மாதம் ஐயாயிரமாக நம் கூட்டுக் கணக்கில் கட்டுவதாகச் சொல்லி, முதல் தவணையைக் கட்டிய சீட்டையும் காட்டினார். அந்தக் கணக்கிலிருந்து இனி அவரே கேட்டாலும் கிடைக்காது என்று நினைவூட்டினேன். "தெரியுமுங்க, அதனாலதான் அதுல கட்டுனேன்" என்றார்.

கணக்கிலிருந்து என் பெயரை எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். மறுக்கிறேன். நேரடியாக, அன்பாக, உறுதியாக மறுக்கிறேன். மூன்றும் ஒன்றாக முடியுமா என்று கேட்டாயே, பார்த்துக்கொள். ஆடுகளை வாங்கு, எத்தனை வேண்டுமானாலும் வாங்கு. மூன்றாம் அத்தியாயத்தில் நான் போட்ட கோட்டை அழித்துவிடு. ஆனால் சோறு இறங்காததற்கு ஒரு தீர்வு வேண்டும். அதற்காகக் கீழ்க்கண்டதை எழுதி, ஞானதாஸ் முன்னிலையில் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் பிரிவில் அவர் தலை குனிந்தார், பிறகு சிரித்தார், பிறகு பேனா கேட்டார்.

உறுதிமொழி

1. சேலம் அரிசிபாளையத்தில் குடியிருக்கும் வழக்கறிஞர் ஆண்ட்ரூஸ் ஆகிய நான், நல்ல நினைவுடனும், எவருடைய தூண்டுதலும் இன்றியும், மேச்சேரி அக்சிலியாவுக்கு எழுதிக்கொடுப்பது.

2. எங்கள் கூட்டுக் கணக்கிலுள்ள பணத்தை எவர் கேட்டாலும், "எங்க அண்ணன் கையெழுத்துப் போட மாட்டார்" என்று சொல்லும் முழு உரிமை அக்சிலியாவுக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்க வேண்டியதில்லை.

3. அதன் விளைவாக வரும் கருமி, கல்நெஞ்சன், ஸ்டாம்ப் பேப்பர் ஆகிய பெயர்களும், சவப்பெட்டி குறித்த கருத்தும், இனி வரக்கூடியவையும் எனக்கே உரியவை. அவற்றைக் கேட்டு அக்சிலியா சிரிக்கலாம். சிரித்தபின் சாப்பிட வேண்டும்.

4. இதே உரிமை, தம் மருமகன் கேட்கும்போது மட்டும், மேச்சேரி ஞானதாஸுக்கும் உண்டு.

5. அடுத்த ஆண்டு முதல் அந்தோணியார் திருவிழாவுக்கு நான் வருவேன். எவருக்குப் பக்கத்தில் இலை போட்டாலும் உட்கார்ந்து உண்பேன்.

6. மோனிஷாவின் படிப்புக்காக அக்சிலியா நீட்டும் எந்தக் காசோலையிலும், தொகையைப் பார்க்காமல் கையெழுத்திடுவேன். வாசிக்காத தாளில் நான் இதுவரை கையெழுத்திட்டதில்லை. இது ஒன்று மட்டும் விலக்கு.

(ஒப்பம்)
ஆண்ட்ரூஸ்

சாட்சிகள்:
1. ஞானதாஸ், லாரி உரிமையாளர், மேச்சேரி
2. செல்வமேரி, மேற்படி ஆண்ட்ரூஸின் மனைவி, அரிசிபாளையம், சேலம்